கஞ்சித் தொட்டியிலிருந்து கண் ஊசி வரை

பழைய சிறைச்சாலைச் சாலையில் நிற்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வடசென்னையின் பழைய ஆட்கள் வைத்த பெயர் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பஞ்சம் இருக்கிறது. 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பும் வறட்சியும் சேர்ந்து கிராமங்களைக் காலி செய்தபோது, பிழைக்க வழியில்லாமல் மதராஸ் மதிலோரம் வந்து விழுந்தவர்களுக்கு இங்கே கஞ்சி ஊற்றினார்கள். கிராமத்து மணியக்காரரின் பேரால் அது மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அதையொட்டி நாட்டு மக்களுக்கென்று ஒரு வைத்தியசாலை தொடங்கினார். அது வளர்ந்து, 1938-இல் மருத்துவக் கல்லூரியாகி, முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரோடு நிலைத்தது.

பட்டினிக்குப் பிறந்த அந்த இடத்தில்தான் 1948-இல் சர்க்கரை நோயாளிகளுக்கென்று தனியாக ஒரு பிரிவு திறந்தார்கள். திறந்தவர் டாக்டர் எம். விசுவநாதன். அப்போது அவர் இளைஞர். இந்தியாவில் அம்மை, காலரா, காசநோய் ஆகியவற்றோடு அரசு ஆஸ்பத்திரிகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. சர்க்கரை என்பது ஜமீன்தார்களுக்கும் வக்கீல்களுக்கும் வருவது என்ற எண்ணம் மருத்துவர்களிடமே இருந்தது. ஏழைகள் வந்து நிற்கும் ஸ்டான்லியில் அதற்கென்று ஒரு மேசை போட்டவருக்கு, வரப்போவது என்ன என்று ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

1954-இல் அவரே ராயபுரம் மேற்கு மாதா கோயில் தெருவில் ஒரு பொது ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1971-இல் அங்கே நீரிழிவு ஆராய்ச்சி மையம் உருவானது. எம்.வி. ஆஸ்பத்திரி என்றால் சர்க்கரைக்கு என்று ஊர் பழகிப்போனது. 1996-இல் விசுவநாதன் மறைந்தபோது, இந்தியாவின் நீரிழிவு மருத்துவத்துக்கு அவரைத் தந்தை என்று சொல்லும் வழக்கம் ஏற்பட்டிருந்தது. அந்தப் புகழ் அவருக்கு உரியதுதான். ஆனால் வடசென்னைக்கு இந்த மையம் செய்த இன்னொரு வேலை வெளியே அதிகம் பேசப்படாதது. சர்க்கரை நோயாளியின் ரத்தத்தை அளந்த கையோடு, அவருடைய பணப்பையையும் அது அளந்தது. எந்தச் சிக்கலுக்கு எவ்வளவு செலவாகிறது, அது யாருடைய வருமானத்தில் எத்தனை பங்கு என்று கணக்குப் பார்த்தது. அந்தக் கணக்கில் கண்ணுக்கு ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரியைச் சரியாகப் படிக்க, இந்தத் துறைமுகப் பகுதியின் கதையையும், கண் வைத்தியத்தின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுதந்திரத்தை ஒட்டிய பத்து இருபது ஆண்டுகளில் ராயபுரத்துக்கு வடக்கே கடலோரம் முழுக்கப் புகைபோக்கிகள் எழுந்தன. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய சிறு பட்டறைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் பிறந்து, எண்ணூரில் தொழிற்சாலை போட்டு, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. அதே 1950-களின் நடுவில் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் திருவொற்றியூருக்கு வந்தது. 1969-இல் மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம். இவற்றுக்குத் தெற்கே துறைமுகம், நடுவே காசிமேட்டு மீன்பிடித் தளம், மேற்கே பெரம்பூரில் இந்த ஆலைகளையெல்லாம்விட வயதில் மூத்த பின்னி மில். மூன்று ஷிப்டுகளில் ஓடும் வாழ்க்கை. நடு இரவில் சோறு, விடியற்காலை டீ, ஓ.டி. கிடைத்தால் தூக்கமே இல்லை.

துறைமுகத்தில் அன்றைய உழைப்பு தோளில் இருந்தது. மூட்டை, பேல், பெட்டி எதுவானாலும் முதுகில் ஏறி இறங்கியது. 1983 டிசம்பரில் பிரதமர் இந்திரா காந்தி சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையத்தைத் திறந்து வைத்தார். அதன் பிறகு வேலை மெல்ல மெல்ல இடம் மாறியது. கூட்டம் கூட்டமாக மூட்டை தூக்கியவர்களின் இடத்துக்குக் கிரேன் ஓட்டுபவரும், நாற்பதடி பெட்டகத்தை இழுக்கும் ட்ரெயிலர் டிரைவரும், பெட்டக எண்ணைச் சரிபார்த்துக் குறிப்பவரும் வந்தார்கள். உடல் அசைவு குறைந்தது. கண்ணின் வேலை கூடியது. இந்த மாற்றத்தை ஒரு மருத்துவர் பார்த்தால் இரண்டு விதமாகக் கவலைப்படுவார். உட்கார்ந்த வேலை சர்க்கரையைக் கூட்டும். கூடிய சர்க்கரை கண்ணைக் கெடுத்தால் அந்த வேலையே போய்விடும்.

சர்க்கரை கூடித்தான் இருக்கிறது. 1970-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நகரங்களில் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 2 பேருக்குச் சற்று மேல் நீரிழிவு இருந்தது. சென்னையில் 1989-இல் அது 8-ஐத் தாண்டியிருந்தது. 1995-இல் 11.6, 2000-இல் 13.5, 2004-இல் 14.3. இவற்றைவிட அதிகம் யோசிக்க வைப்பது வேறொரு சிறு ஆய்வு. 1990-களின் பின்பாதியில் சென்னையின் இரண்டு குடியிருப்புகளை ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நடுத்தர வருமானக்காரர்களிடம் 12.4 சதவீதம், குறைந்த வருமானக்காரர்களிடம் 6.5, அதாவது ஏறக்குறையப் பாதி. பத்து ஆண்டு கழித்து அதே இடங்களுக்குத் திரும்பிப் போனார்கள். நடுத்தர வர்க்கம் 15.4, ஏழைகள் 15.3. வித்தியாசம் மறைந்துவிட்டது. பணக்கார வியாதி என்ற பேச்சுக்கு அந்தப் பத்தாண்டில் முடிவு வந்தது. பெயர் மட்டும் மாறாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி கண்.

கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோவது மயிரினும் மெல்லிய நாளங்கள். ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கூடுதலாக ஓடினால் அவற்றின் சுவர் நலிகிறது. பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கும் குடிநீர்க் குழாய் போல, ஓரிடத்தில் புடைக்கும், ஓரிடத்தில் கசியும், ஓரிடத்தில் அடைத்துக்கொள்ளும். ரத்தம் வராமல் தவிக்கும் விழித்திரை, புது நாளங்களை முளைக்கச் செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. முளைப்பவை பலவீனமானவை. ஒருநாள் உடைந்து, கண்ணுக்குள் இருக்கும் கூழ்ப் பகுதியில் ரத்தம் பரவும். "பூச்சி பறக்குற மாதிரி இருக்கு", "கறுப்பா நூல் தொங்குது" என்று சொல்லிக்கொண்டு ஆள் வருவது அப்போதுதான். கசிவு பார்வையின் மையப் புள்ளியில் ஏற்பட்டால் வேறு விதம்: நேராகப் பார்ப்பது மங்கும், எழுத்து வளையும். புது நாளங்களோடு சேர்ந்து வளரும் தழும்புத் திசு சுருங்கி விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடுவது கடைசிக் கட்டம்.

இதில் கொடுமை எங்கே என்றால், முதல் சில ஆண்டுகளில் எதுவுமே தெரியாது. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிவதில்லை. சுவரில் தொங்கும் எழுத்து அட்டையின் கடைசி வரியைக்கூடப் படித்துவிடலாம். சரக்கு வாகன உரிமத்தைப் புதுப்பிக்க டிரைவர் காட்டும் மருத்துவச் சான்று கண் தெரிகிறதா என்றுதான் கேட்கிறது; விழித்திரையைப் பார்க்கச் சொல்வதில்லை. "கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு சொட்டு மருந்து?" என்ற கேள்வி முட்டாள்தனமானது அல்ல. நன்றாகத் தெரியும் கண்ணைக் காட்டுவதற்காக ஒரு நாள் கூலியை விடச் சொல்வது யாருக்கும் விசித்திரமாகத்தான் இருக்கும். அந்த நாளின் விலையையும், அந்த நாளை விட்டதால் பின்னால் வரும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறவர்கள் இந்தப் பகுதியில் போதவில்லை.

1960-கள் வரை எந்த விலையும் இல்லை, ஏனென்றால் வைத்தியமே இல்லை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-இல் தொடங்கியது. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகிலேயே பழைய கண் ஆஸ்பத்திரி என்று அதைச் சொல்வார்கள். நூற்றைம்பது ஆண்டு அனுபவம் இருந்தும், கண்புரை, கண் நீர் அழுத்தம், சத்துக் குறைவால் வரும் குருடு ஆகியவற்றுக்குத்தான் அங்கே கை பழகியிருந்தது. சர்க்கரையால் விழித்திரை கெட்டு வருகிறவருக்கு இரங்குவதைத் தவிர எந்த ஆஸ்பத்திரியாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

வழி வெளிச்சத்தால் வந்தது. ஜெர்மனியில் மேயர்-ஷ்விக்கராத் என்ற மருத்துவர், ஒளியைக் குவித்து விழித்திரையில் சிறு சூடுகள் போட முடியும் என்று 1940-களின் இறுதியில் காட்டினார். பின்னர் ஆர்கான் லேசர் வந்தது. அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 1976-இல் வெளியானது: முற்றிய நிலையில் இருந்த கண்களில் லேசர் அடித்தால், கடுமையான பார்வையிழப்புக்கான வாய்ப்பு பாதிக்கும் கீழே போகிறது. 1985-இல் இன்னொரு சோதனை, மையப் புள்ளி வீக்கத்துக்கும் லேசர் உதவும் என்று நிறுவியது. முற்றிய கண்ணில் விழித்திரையின் ஓரங்களைச் சூடு போட்டுத் தியாகம் செய்து நடுவைக் காப்பாற்றுவதுதான் லேசரின் தத்துவம். போன பார்வையை லேசர் மீட்டுத் தராது. இருப்பதைக் கட்டிக் காக்கும். நேரத்தோடு வந்தவருக்குத்தான் அது முழுப் பலன்.

நேரம் தவறியவருக்கும் வழி பிறந்தது. 1970-ஐ ஒட்டி மியாமியில் ராபர்ட் மாக்கமர், ரத்தம் கலங்கிய கூழ்ப் பகுதியைக் கண்ணுக்குள்ளிருந்தே வெட்டி உறிஞ்சி எடுக்கும் அறுவையை உருவாக்கினார். 1978-இல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். விழித்திரை அறுவை அவருடைய சொந்தத் துறை. வெளிநாடு போனால்தான் கிடைக்கும் என்றிருந்த வைத்தியம், திருவொற்றியூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்துக்கு வந்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, பிற்பாடு தன் ஆரோலேப் தொழிற்கூடத்தில் லேசர் கருவியையே உள்நாட்டில் செய்தது.

மூன்றாவது வழி ஊசி. புது நாளங்களை முளைக்கச் செய்யும் அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் நேரடியாகச் செலுத்துவது. பெருங்குடல் புற்றுநோய்க்கென்று 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிசுமாபை மறு ஆண்டே கண் மருத்துவர்கள் கண்ணில் முயன்றார்கள். கண்ணுக்கென்றே செய்யப்பட்ட ரானிபிசுமாப் 2006-இல் வந்தது. விலையில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. புற்றுநோய் மருந்துக் குப்பி ஒன்றைப் பல சிறு ஊசிகளாகப் பிரித்துப் போடலாம். ஆனால் பிரிக்கும்போது சுத்தம் தவறினால் கிருமி புகுந்துவிடும். 2016 தொடக்கத்தில் அகமதாபாதில் அப்படிப் பலருக்குப் பாதிப்பு ஏற்பட்டதாகச் செய்தி வந்தபோது, கண்ணில் போட வேண்டாம் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கண் மருத்துவர் சங்கம் முறையிட்ட பிறகு சில வாரங்களில் அந்தத் தடை விலகியது. ஏழை நோயாளிக்கு எட்டுகிற ஒரே ஊசி அது என்பதுதான் சங்கத்தின் வாதத்துக்கு உயிர். இதற்கு முந்தைய ஆண்டில் இந்திய நிறுவனமான இன்டாஸ், ரானிபிசுமாபின் மாற்று மருந்தை 'ரசுமாப்' என்ற பெயரில் கொண்டுவந்து விலையை ஓரளவு இறக்கியிருந்தது.

ஊசியின் உண்மையான செலவு மருந்துக் குப்பியில் மட்டும் இல்லை. 2015-இல் வெளியான அமெரிக்க ஒப்பீட்டுச் சோதனையில், மையப் புள்ளி வீக்கத்துக்கு முதல் ஆண்டில் ஒரு கண்ணுக்கு ஒன்பது முதல் பத்து ஊசி தேவைப்பட்டது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் அன்று முழுக்க வெளிச்சம் கூசும். வண்டி ஓட்ட முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும். பத்து ஊசி என்றால் பத்து நாள், துணையாளோடு சேர்த்து இருபது நாள் கூலி. துணைக்கு வருகிறவர் பெரும்பாலும் மனைவிதான். அவர் காசிமேட்டில் மீன் கூடை வைப்பவராகவோ, நாலு வீட்டில் வேலை செய்பவராகவோ இருப்பார். அவருடைய நாளும் போகிறது. இன்னொரு கண்ணிலும் வீக்கம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ராயபுரத்துக் கணக்குப் புத்தகத்தை இப்போது திறக்கலாம்.

டாக்டர் அ. ராமச்சந்திரனும் சி. சினேகலதாவும் உடன் பணியாற்றியவர்களும் 1998-இல் நோயாளிகளிடம் செலவு விவரம் கேட்டார்கள். 2005-இல் மறுபடியும், இம்முறை ஏழு மாநிலங்களில், கேட்டார்கள். முடிவு 2007-இல் 'டயாபெட்டிஸ் கேர்' என்ற ஆய்விதழில் வெளியானது. நகரத்து நோயாளி ஆண்டுக்குச் செலவழித்தது, வரிசையில் நடுவில் நிற்பவரை எடுத்துக்கொண்டால், 10,000 ரூபாய், கிராமத்தில் 6,260. நகரத்துச் செலவு ஏழே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. நோயின் வயது கூடக் கூட, சிக்கல்கள் சேரச் சேரச் செலவு ஏறியது. இவை எதிர்பார்த்தவை. எதிர்பார்க்காத அளவுக்குச் சுட்டது வேறொன்று: நகர்ப்புறத்தில் மிகக் குறைந்த வருமானம் உள்ள பிரிவினர் தங்கள் வருமானத்தில் 34 சதவீதத்தைச் சர்க்கரைக்கே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு. வாடகையும் அரிசியும் பள்ளிக் கட்டணமும் மீதியிலிருந்து வர வேண்டும். வட்டிக்குக் கொடுப்பவரும் அடகுக் கடையும் இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறார்கள்.

அடுத்த கணக்கு 2013-இல் வந்தது. எம்.வி. ஆஸ்பத்திரியின் டாக்டர் விஜய் விசுவநாதனும் அவரது குழுவும், உள்நோயாளிகளைச் சிக்கல் வாரியாகப் பிரித்து, ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தார்கள். சிக்கல் எதுவும் இல்லாதவருக்கு 4,493 ரூபாய். சிறுநீரகம் பாதித்தவருக்கு 12,690. இதயம் பாதித்தவருக்கு 13,135. விழித்திரை பாதித்தவருக்கு 13,922. கால் புண் வந்தவருக்கு 19,020. இரண்டு சிக்கல்கள் சேர்ந்தவருக்கு 17,633.

இந்த வரிசையை இரண்டு முறை படிக்க வேண்டும். இதயத்தைவிட, சிறுநீரகத்தைவிட, கண்ணுக்கு அதிகம் ஆகியிருக்கிறது. கண் என்றால் கண்ணாடியோடும் ஒரு புரை ஆபரேஷனோடும் முடிந்துவிடும் செலவு என்று நினைக்கும் குடும்பங்கள்தான் அதிகம். மாரடைப்புக்குப் பயந்து பணம் சேர்த்து வைப்பவர் உண்டு. கண்ணுக்கென்று ஒதுக்கி வைத்தவரைப் பார்ப்பது அரிது. ஒன்றும் ஆகாதவரைவிட மூன்று மடங்கு என்ற இந்தத் தொகையும் ஆஸ்பத்திரிக்குக் கட்டியது மட்டுமே. போன கூலி, ஆட்டோ, துணையாளின் நாள், கிரேனிலிருந்து இறக்கிக் காவல் வேலைக்கு மாற்றப்பட்டதால் குறைந்த சம்பளம் ஆகிய எதுவும் அதில் இல்லை.

ஒரு ட்ரெயிலர் டிரைவரை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தத் தொகை எப்படி ஏறுகிறது என்று பார்க்கலாம். சர்க்கரை இருப்பது தெரிந்த வருடம் விழித்திரையைப் பார்த்தால் ஆகும் செலவு ஒரு பரிசோதனை, அரை நாள், அரசு ஆஸ்பத்திரியில் பஸ் காசு. அப்போது தேவைப்படும் வைத்தியம் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது. பிரிட்டனில் நடந்து 1998-இல் முடிவு வெளியான நீண்ட ஆய்வில், சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குச் சிறு நாளச் சிக்கல்கள் கால் பங்கு குறைந்தன. ரத்த அழுத்தத்தை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு விழித்திரை மோசமாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டுக்கும் வேண்டியவை பழைய, மலிவான மாத்திரைகள். அவற்றை மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தருவதற்கென்றே தமிழகத்தில் 1995 முதல் மருத்துவப் பணிகள் கழகம் இயங்குகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டினால் லேசர்: இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள். அதையும் தாண்டினால் மாதாமாதம் ஊசி. அதற்கும் பிறகு அறுவை அரங்கு. சிலருக்குக் கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய் நிரப்பி, சில மாதம் கழித்து அதை எடுக்க இரண்டாவது அறுவை. அதற்குள் ஸ்டியரிங் கைவிட்டுப் போயிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் செலவு ஏறுகிறது. மீட்கக்கூடிய பார்வை குறைகிறது. கடைசிக் கட்டத்தில் அதிகம் கொடுத்துக் குறைவாகப் பெறுகிறார்.

சரியான நேரத்தில் பார்ப்பது எவ்வளவு முன்னால் என்பதையும் சென்னை ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. டாக்டர் எம். ரெமாவின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வு, ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை விட்டுவிட்டுச் சென்னை நகர மக்கள்தொகையிலிருந்தே சர்க்கரை உள்ளவர்களைத் தேர்ந்து கண்ணைப் படமெடுத்தது. நூற்றுக்கு 17.6 பேருக்கு விழித்திரை பாதிப்பு. சங்கர நேத்ராலயாவின் ஆய்வும் 2009-இல் 18 என்றது. ரெமா குழுவின் எண்ணிக்கையில் இன்னொரு விவரம் உண்டு: சர்க்கரை இருப்பதே அந்த ஆய்வில்தான் தெரியவந்தவர்களிலும் 5 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே விழித்திரை கெட்டிருந்தது. நோய்க்குப் பெயர் வைக்கும் முன்பே அது கண்ணில் வேலையைத் தொடங்கிவிட்டது. இதே ரெமா 1996-இல் ஒரு நீரிழிவு மையத்துக்கு வந்தவர்களைப் பார்த்தபோது கண்டது 34 சதவீதம். மையத்துக்கு வருபவர்களில் நெடுநாள் நோயாளிகளே அதிகம் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

இந்தச் செலவை யார் தாங்குவது என்பதற்கு இந்தத் தொழிற்பகுதியில் ஒரு காலத்தில் பதில் இருந்தது. 1948-இல் சட்டமாகி 1955-இல் தமிழகத்துக்கு வந்த இ.எஸ்.ஐ. திட்டம் மில் தொழிலாளிக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் மருந்தகத்தையும், அயனாவரத்தில் ஆஸ்பத்திரியையும் தந்தது. அதில் மிகப் பெரிய வரம் மருந்து அல்ல என்று சொல்லத் தோன்றுகிறது. நோய்க்கு விடுப்பு எடுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும் என்ற ஏற்பாடுதான் பெரிது. கண்ணைக் காட்டப் போகும் நாளுக்கும், லேசர் அடிக்கும் நாளுக்கும் விலை குறைவது அதனால்தான். அந்த நிழலில் நின்றவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். பின்னி மில் 1996-இல் மூடியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் நின்றது. நிரந்தர வேலையின் இடத்தில் ஒப்பந்த வேலை வந்தது. துறைமுகத்தைச் சுற்றி ஓடும் லாரி டிரைவருக்கு டிரிப் கணக்கில்தான் பணம், பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. அட்டை உள்ளவருக்கும் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் திட்டத்தில் இடமில்லை. சர்க்கரை கண்ணுக்கு ஏறுவது பெரும்பாலும் நோய் வந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளில். அது சம்பளம் வரம்பைத் தாண்டும் வயது, அல்லது ஓய்வு பெறும் வயது. ஐந்தாண்டாவது காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியம் தொடரும் என்று ஒரு விதி இருக்கிறது. மாதத்துக்குப் பத்து ரூபாய். இதை ஒவ்வொரு ஆலை வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

அரசும் கைகட்டி நிற்கவில்லை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் அதன் தொடர்ச்சியாக முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். பெரிய வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரியில் சேருபவரை இவை தாங்குகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீண்டதால், திருவொற்றியூர்க்காரர் சென்ட்ரலில் மாறி எழும்பூருக்குப் போவதும் முன்னைவிட எளிது. 2024 ஜனவரியில் தொழிலாளரைத் தேடி மருத்துவம் வேலை செய்யும் இடத்திலேயே சர்க்கரையையும் அழுத்தத்தையும் பார்க்கத் தொடங்கியது. முதல் கட்டத்து மாத்திரைக்கும் கடைசிக் கட்டத்து அறுவைக்கும் இப்படி வழி பிறந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், எவருக்கும் எந்தத் தொந்தரவும் தெரியாத அந்த ஆண்டுகளில், விழித்திரையைப் பார்க்கும் வேலைதான் இன்னும் ஆளைத் தேடி வரவில்லை. ஆள்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

அது முடியாத காரியம் அல்ல என்பதற்குச் சாட்சி தமிழகத்திலேயே இருக்கிறது. சங்கர நேத்ராலயா செயற்கைக்கோள் இணைப்புள்ள பஸ்ஸைக் கிராமங்களுக்கு அனுப்பி, கண்ணைப் படமெடுத்து, சென்னையிலிருந்து மருத்துவர் பார்த்துச் சொல்லும் ஏற்பாட்டை 2003 முதல் நடத்தியது. அதன் செலவையும் பலனையும் கணக்கிட்டு 2013-இல் வெளியான ஆய்வு, கிராமங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இப்படிப் பார்த்தாலும் போட்ட பணத்துக்குப் பலன் உண்டு என்றது. 2016-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் விழித்திரைப் படத்தைக் கணினியே படித்துத் தரம் பிரிக்கும் என்று காட்டியபோது, அதற்குப் பயிற்சி தந்த படங்களில் அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் கொடுத்தவை இருந்தன. தமிழ்நாட்டு நோயாளிகளின் கண்களிலிருந்தும் கற்ற கணினி அது. செல்போனில் பொருத்திப் படமெடுக்கும் சிறு கருவி பெங்களூரிலேயே தயாராகிறது. ஒரு மேசையும் நாற்காலியும் இருட்டான ஒரு மூலையும் இருந்தால் போதும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய ட்ரெயிலர்கள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்ற நாட்களை வடசென்னை நன்றாக அறியும். டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். அந்தக் காத்திருப்பு இன்றும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. துறைமுக வாசலிலும், லாரிகள் நிறுத்தும் இடங்களிலும், காசிமேட்டு ஏலக் கூடத்துப் பக்கத்திலும், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மேசைக்கு அருகில் ஒரு விழித்திரைக் கேமராவையும் வைத்தால், டிரைவருக்கு ஒரு டிரிப்கூடக் கெடாது. பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்து இல்லாமலே படம் கிடைத்துவிடும். படம் தெளிவாக வராதவரையும் கோளாறு தெரிபவரையும் மட்டும் ஸ்டான்லிக்கும் எழும்பூருக்கும் அனுப்பலாம். அனுப்பப்பட்டவர் போனாரா என்று தொடர்ந்து விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் அந்த ஒரு நாளுக்கான கூலியைக் கொடுக்க ஒரு நிதி வேண்டும். கேமராவைவிட இந்த இரண்டும்தான் கடினம். ஆண்டுக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டால்கூட அதற்கு ஆகும் தொகையை, ராயபுரத்துப் பட்டியலில் 4,493-க்கும் 13,922-க்கும் நடுவே இருக்கும் 9,429 ரூபாயோடு வைத்து, துறைமுக நிர்வாகமும் ஆலைகளும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம்.